உறுமாத நாய்

செவலை எங்க வீட்டுக்கு வந்தப்போ அதுக்கு ரெண்டு மாசம் இருக்கும். தெருமுனை டீக்கடைக்குப் பின்னாடி சாக்குக்குள் கிடந்த நாலு குட்டிகளில் ஒன்று. நிறத்தைப் பார்த்து அம்மா வைத்த பெயர். முதல் ஒரு வருஷம் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. ரெண்டு ஜோடி செருப்பு போச்சு, துளசி மாடத்துப் பக்கம் மண்ணைப் பறித்துப் போட்டது, அவ்வளவுதான். சிக்கல் ஆரம்பித்தது போன வருஷம் கோடை விடுமுறைக்கு அக்கா குடும்பம் வந்து தங்கியபோது.

அக்கா மகனுக்கு ஆறு வயசு. செவலை சாப்பிடும்போது பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து பார்ப்பதில் அவனுக்கு ஒரு குஷி. முதல் நாள் அவன் கிட்டே போனதும் செவலை தட்டிலிருந்து தலையை எடுக்காமலே உறுமியது. அப்பா கையில் இருந்த பேப்பரைச் சுருட்டி முதுகில் ஒன்று போட்டார். "குழந்தையப் பாத்து உறுமுறியா?" மறுநாளும் உறுமல், மறுநாளும் அடி. ஒரு வாரத்தில் உறுமல் நின்றுவிட்டது. பையன் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் செவலை சத்தம் காட்டாமல் சாப்பிட்டது. "பாத்தியா, சொன்னாக் கேக்குது" என்று அப்பாவுக்குப் பெருமை. பொய் சொல்வானேன், எனக்கும்தான்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் பையன் தட்டை நோக்கிக் கையை நீட்டினான். செவலை உறுமவில்லை, குரைக்கவில்லை. நேராகக் கடித்தது. முன்கையில் நாலு பல் இறங்கிவிட்டது.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிஷம் கழுவினோம். (இதை யாராக இருந்தாலும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரும் சோப்பும்தான் முதல் மருந்து.) பிறகு அரசு மருத்துவமனை. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின், அதோடு தடுப்பூசி அன்று ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். செவலைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தோம். ஆனாலும் டாக்டர் ரிஸ்க் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள், நோய் அறிகுறி ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்று அனுப்பினார்.

அன்று ராத்திரி அப்பா சொன்னார்: "பத்து நாள் முடிஞ்சதும் எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு." அக்கா அழுதுகொண்டே ஆமோதித்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரு சத்தமும் இல்லாம திடீர்னு கடிக்குதுன்னா அத எப்படிடா வீட்ல வெச்சுக்கறது?"

அந்தப் பத்து நாள்தான் செவலைக்குக் கிடைத்த அவகாசம். எனக்கும். அந்த நாட்களில் படிக்கத் தொடங்கியதும், பிறகு மாதக்கணக்கில் தொடர்ந்ததும்தான் இந்தக் குறிப்புகள்.

மல்லாக்கப் படுக்க வை

மூன்றாம் நாள் ஒரு டிரெய்னரைக் கூப்பிட்டோம். போலீஸ் நாய்களோடு பழகியவர் என்று சொல்லி யாரோ நம்பர் கொடுத்தார்கள். வந்தவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாய் தன்னை வீட்டுக்குத் தலைவன் என்று நினைக்கிறது. பையனைத் தனக்குக் கீழே வைத்திருக்கிறது. தினமும் கீழே தள்ளி, மல்லாக்கப் படுக்கவைத்து, அது அடங்கும்வரை கழுத்தை அமுக்கிப் பிடியுங்கள். நீங்கள் சாப்பிட்ட பிறகே அதற்குச் சோறு. வாசலில் நீங்கள் முன்னால், அது பின்னால். "ஓநாய்க் கூட்டத்துல ஆல்ஃபான்னு ஒண்ணு இருக்கும் சார், அது நீங்கதான்னு அதுக்குப் புரியணும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. யூடியூபில் தேடினாலும் பாதி வீடியோக்கள் இதையேதான் சொல்கின்றன. ஆனால் நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. இந்த ஓநாய் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனேன்.

வந்தது ஸ்விட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையிலிருந்து. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் அங்கே அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். பத்து மீட்டருக்கு இருபது மீட்டர் இடத்தில் பத்து ஓநாய்கள் வரை இருந்தன. அவை சண்டை போட்டன. ஜெயித்தது மேலே, தோற்றது கீழே என்று ஒரு வரிசை உண்டானது. தலைமை என்பது சண்டையில் பிடிக்கும் இடம் என்ற கருத்து இங்கேதான் வேர்விட்டது. 1970-இல் அமெரிக்க உயிரியலாளர் டேவிட் மீச் ஓநாய்களைப் பற்றி எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதே மீச் 1986 முதல் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்கு வருஷாவருஷம் கோடையில் போய், காட்டு ஓநாய்களுக்கு அருகிலேயே இருந்து பார்த்தார். அங்கே கண்டது வேறு. ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு அப்பா, ஒரு அம்மா, அவற்றின் பிள்ளைகள். ஒரு குடும்பம், வேறொன்றும் இல்லை. மற்றவை பெற்றோர் பின்னால் போகின்றன, ஏனென்றால் அவை பெற்றோர். வளர்ந்த பிள்ளைகள் தலைமைக்காக மோதுவதில்லை. கிளம்பிப் போய்த் தனிக் குடும்பம் வைக்கின்றன. 1999-இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். ஆல்ஃபா என்ற சொல்லைக் காட்டு ஓநாய்க் குடும்பத்துக்குப் பயன்படுத்துவது பொருத்தமில்லை என்றார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பாளரிடம் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022-இல்தான் அது நின்றது. தன் புத்தகத்தைத் தானே நிறுத்தச் சொல்லி மன்றாடிய ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

சம்பந்தமே இல்லாத பத்துப் பேரை ஒரே அறையில் பூட்டிவைத்து, அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து, இதுதான் மனிதக் குடும்பம் என்று எழுதினால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்திருக்கிறது. போதாக்குறைக்கு நாய் ஓநாயும் இல்லை. குறைந்தது 14,000 வருஷமாக அது மனிதன் பக்கத்தில் இருக்கிறது.

மல்லாக்கத் தள்ளும் வித்தையைப் பிரபலமாக்கியது அமெரிக்காவில் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978-இல் எழுதிய நாய் வளர்ப்புப் புத்தகம். 2002-இல் வந்த திருத்திய பதிப்பில் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். ஆக, ஓநாயைப் பற்றிச் சொன்னவரும் திருத்திக்கொண்டார், தள்ளச் சொன்னவர்களும் திருத்திக்கொண்டார்கள். செய்தி நம்ம டிரெய்னருக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இதில் ஆபத்து என்னவென்றால், இந்த வேலைகள் கடியைக் குறைப்பதில்லை, வரவழைக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நடத்தைப் பிரச்சினையோடு நாய்களைக் கொண்டுவந்த 140 பேரிடம், இதற்கு முன்னால் வீட்டில் என்னென்ன செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று மெகன் ஹெரானும் சக ஆய்வாளர்களும் கேட்டார்கள். 2009-இல் வெளியான ஆய்வு. அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது. மல்லாக்கத் தள்ளியவர்களிடம் 31 சதவீதம். கண்ணுக்குக் கண் முறைத்தவர்களிடம் 30 சதவீதம். இவை ஏற்கனவே சிக்கல் உள்ள நாய்கள், சரி. ஆனால் டிரெய்னரைக் கூப்பிடும் வீடுகளில் இருப்பதும் அப்படிப்பட்ட நாய்தானே?

பேப்பர் என்ன கற்றுக்கொடுத்தது

இப்போது எங்க வீட்டுத் தவறுக்கு வருகிறேன். இதுதான் இந்தக் கட்டுரையே.

நாய் கற்றுக்கொள்வது இரண்டு தடத்தில் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒன்று, செயலும் விளைவும். எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டில் வைத்துக் காட்டியது. எந்தச் செயலுக்குப் பிறகு நல்லது கிடைக்கிறதோ அது கூடும், கெட்டது வந்தால் குறையும். பின்னால் ஸ்கின்னர் இதை விரிவாக்கினார். மற்றொன்று பாவ்லோவ் காட்டியது. எது எதற்கு முன்னால் வருகிறது என்ற தொடர்பு. மணி ஒலித்த பிறகு தீனி வந்தால் மணிக்கே எச்சில் ஊறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதில் நாம் கவனிக்கத் தவறுவது, இது நாய் யோசித்துச் செய்யும் காரியம் இல்லை என்பது. எச்சில் தானாக ஊறுகிறது. பயமும் அப்படித்தான், தானாக ஊறும்.

அப்பா முதல் தடத்தை மட்டும் பார்த்தார். உறுமினால் அடி, ஆகவே உறுமல் குறையும். குறைந்தது. கணக்கு சரி. ஆனால் இரண்டாவது தடத்தில் அதே நேரத்தில் என்ன எழுதப்பட்டது? பையன் பக்கத்தில் வருகிறான், அடுத்த நொடி முதுகில் அடி விழுகிறது. பையன் வருகிறான், அடி. பையன், அடி. முதல் நாள் அவன் செவலைக்குச் சோற்றுப் போட்டியாளன் மட்டும்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் வலி வரப்போகிறது என்பதற்கு அடையாளம். சோறு பறிபோகுமோ என்ற பதற்றத்தின் மேல் இன்னொரு பயத்தையும் நாங்களே ஏற்றிவிட்டு, அதை வெளியே சொல்லும் ஒரே வழியையும் அடைத்துவிட்டோம்.

உறுமல் என்பது திமிர் இல்லை. "இதுக்கு மேல கிட்ட வராத, எனக்குச் சரியாப் படல" என்று நாய் நம்மிடம் சொல்வது. கடிக்காமல் இருப்பதற்காக அது எடுக்கும் முயற்சி. கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இதை ஒரு ஏணியாக வரைந்திருக்கிறார். கீழ்ப்படியில் கொட்டாவி, மூக்கை நக்குதல். பிறகு முகத்தைத் திருப்புதல், நகர்ந்து போதல், ஒடுங்குதல், வாலை இடுக்குதல். அதற்கு மேலே உடம்பு விறைத்து அப்படியே நிற்றல். அப்புறம் உறுமல், காற்றில் கடித்தல், கடைசியாகக் கடி. தூக்கம் வராத நேரத்தில் வரும் கொட்டாவி, சோறு இல்லாத நேரத்தில் நக்கும் நாக்கு, இதெல்லாம் பேச்சு. நமக்குக் கேட்பதில்லை. உறுமல்தான் நமக்குக் கேட்கும் முதல் படி. அந்தப் படியை உடைத்துவிட்டால் நாய் ஏறாமல் இருக்காது, தாண்டிவிடும்.

அக்கா எடுத்த ஒரு வீடியோ இருந்தது, கடிப்பதற்கு ரெண்டு நாள் முன்னால். பையன் செவலை பக்கத்தில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். சமத்து நாய் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் இதயம் போட்டிருந்தோம். திரும்பப் போட்டுப் பார்த்தேன். செவலை மெல்லுவதை நிறுத்திவிட்டது. தலை தட்டுக்குள், உடம்பு கட்டை மாதிரி. கண் மட்டும் பக்கவாட்டில் திரும்பிப் பையனைப் பார்க்கிறது. வெள்ளை விழி பிறை மாதிரித் தெரிகிறது. பதினோரு நொடி. அத்தனை நொடியும் அது கத்திக்கொண்டிருந்திருக்கிறது, சத்தமில்லாமல்.

வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பத்தாவது நாள் முடிந்தபோது நாயைக் கொண்டுபோய் விடுவது பற்றி யாரும் பேச்சு எடுக்கவில்லை.

அந்தத் திருட்டு முழி

"தப்பு பண்ணிட்டு எப்படி முழிக்குது பாரு, அதுக்கே தெரியுது" என்று சொல்லாத வீடு இல்லை. நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். சொந்தக்காரர் ஒரு பிஸ்கட்டை வைத்து "தின்னாதே" என்று சொல்லிவிட்டு வெளியே போவார். சில முறை நாய் தின்னும், சில முறை தின்ன வழியில்லாமல் ஆய்வாளரே எடுத்துவிடுவார். திரும்பி வரும் சொந்தக்காரரிடம் சில முறை உண்மை, சில முறை பொய் சொல்லப்படும். தின்னாத நாயும் திட்டு வாங்கும்.

அந்தக் குற்றவாளி முகம் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. திட்டு விழுந்ததா என்பதைப் பொறுத்து வந்தது. அதிலும் தின்னாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது தூக்கலாக இருந்தது. நாம் பார்ப்பது நம் கோபத்துக்கு அது காட்டும் பயம். ஆகவே, ஆபீஸ் விட்டு வந்து, மத்தியானம் கிழித்த தலையணைக்குச் சாயங்காலம் அடிப்பதால் நாய்க்குப் புரிவது ஒன்றே ஒன்று: இந்த ஆள் வீட்டுக்கு வரும்போது ஆபத்து. மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பதும் இதே கதை.

ஈரல் துண்டு

சரி, என்ன செய்தோம்?

முதலில் கால்நடை மருத்துவர். பல், காது, இடுப்பு எல்லாம் பார்த்தார். வலி இருக்கும் நாயும் இப்படித்தான் நடந்துகொள்ளும், அதைப் பார்க்காமல் வேறெதுவும் தொடங்காதே என்றார். செவலைக்கு உடம்பில் கோளாறு இல்லை.

அடுத்து, பழக்குவதற்கு முன்னால் நிறுத்த வேண்டியதை நிறுத்தினோம். செவலை இனிமேல் கொல்லைப்புறத்தில் சாப்பிடும், கதவு சாத்தியிருக்கும். நாயின் தட்டுக்கும் குழந்தைக்கும் நடுவில் எப்போதும் ஒரு கதவு. இது தோல்வி மாதிரித் தோன்றும். ஆனால் பழக்கிக்கொண்டிருக்கும்போதே பழைய பயம் மறுபடி மறுபடி ஒத்திகை பார்க்கப்பட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

அப்புறம்தான் ஈரல். பாவ்லோவைத் திருப்பிப் போடுவதுதான் திட்டம். ஆள் வந்தால் அடி என்று எழுதியிருப்பதை, ஆள் வந்தால் விருந்து என்று மாற்றி எழுத வேண்டும். செவலைக்கு வெறும் தயிர்சோறு வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பேன். வேகவைத்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டைத் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டு நடையைக் கட்டுவேன். ஒரு வேளைக்கு ஆறேழு தடவை. தொடவும் இல்லை, பேசவும் இல்லை. நாலாவது நாள் நான் எட்டிப் பார்த்ததும் தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தது, வால் லேசாக ஆடியது. அதற்காகத்தான் காத்திருந்தேன். எட்டடிக்கு நகர்ந்தேன். ஒருநாள் அவசரப்பட்டு ஒரேயடியாக மூன்றடிக்குப் போனேன், மெல்லுவது நின்றது. மறுபடி எட்டடி. நாய் விறைத்தால் நாம்தான் வேகமாகப் போயிருக்கிறோம் என்று அர்த்தம். தட்டுப் பக்கத்தில் போய் நின்று அதிலேயே துண்டைப் போட ஒரு மாதம் ஆனது.

தட்டில் கையை விட்டுப் பார்த்து, பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்துப் பழக்கச் சொல்லும் ஆலோசனையை எங்கேயாவது படித்தால் விட்டுவிடுங்கள். சோறு பறிபோகும் என்று பயப்படும் நாயிடம் சோற்றைப் பறித்துக் காட்டுவது அதன் பயத்தை நிரூபிப்பதுதான். உங்கள் இலையில் ஒருத்தர் தினமும் கையை விட்டால் நீங்கள் சாந்தமாகிவிடுவீர்களா?

எனக்குப் பிறகு அம்மா. பத்து நாளில் முடிந்தது. அப்பாதான் கஷ்டம். அவரிடமும் பயம், பேப்பரிடமும் பயம். பேப்பர் சரசரத்தாலே எழுந்து போய்விடும். ஆகவே அப்பாவுக்கு நான் கொடுத்த வேலை இது. காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டியது. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் செவலை இருக்கும் திசையில் ஒரு துண்டு ஈரலைப் போட வேண்டியது. செவலையைப் பார்க்கக் கூடாது, கூப்பிடவும் கூடாது. "இதெல்லாம் ஒரு பொழப்பா"ன்னு முணுமுணுத்துக்கொண்டே செய்தார். முதல் வாரம் அவர் எழுந்து உள்ளே போன பிறகுதான் வந்து தின்றது. மூன்றாவது வாரம் பேப்பர்காரர் சைக்கிள் மணி கேட்டதும் திண்ணைக்கு முதலில் வந்து உட்கார்ந்தது செவலைதான்.

இதை லஞ்சம் என்பார்கள். லஞ்சம் காரியத்துக்கு முன்னால் கொடுப்பது. இங்கே துண்டு எப்போதும் பின்னால்தான் வருகிறது. சம்பளம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், கோபம் இல்லை. (தீனி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். பண்டிகை நாளில் மிச்சமான பாயசத்தை ஊற்றும்போது அதில் உலர்திராட்சை இருப்பது யாருக்கும் நினைவிருக்காது.)

அடித்துப் பழக்கினாலும் நாய் கற்றுக்கொள்ளத்தான் செய்யும், மறுக்கவில்லை. 1910-இல் ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் எழுதிய போலீஸ் நாய்க் கையேட்டிலிருந்து எத்தனையோ தலைமுறை நாய்கள் இழுப்பும் அடியும் வாங்கியே வேலை கற்றிருக்கின்றன. கேள்வி, கூடவே வேறென்ன கற்கிறது என்பது. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பயிற்சிக்கூடங்களின் நாய்கள் வகுப்பில் அதிகப் பதற்ற அறிகுறி காட்டின. வகுப்பு முடிந்ததும் எடுத்த எச்சிலில் கார்டிசோலும் மற்றவற்றைவிட அதிகம் ஏறியிருந்தது.

சில்லறை விஷயங்கள்

பெரும்பாலான வீடுகளின் பிரச்சினை இவ்வளவு பெரிது இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் நின்று குரைப்பது, விருந்தாளி மேல் பாய்வது, கயிற்றை இழுப்பது. குரைப்புக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அதில் எதிரி அம்மாதான். ஆறு நாள் ஒன்றும் கொடுக்காமல் ஏழாவது நாள் "பாவம்டா"ன்னு ஒரு அப்பளத் துண்டு. எப்போதாவது மட்டும் கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை ஆழமாக ஊன்றும் என்று ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-லேயே காட்டிவிட்டார்கள். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் ஏன் நிறுத்துவதில்லையோ அதே காரணம். நிறுத்தத் தொடங்கியதும் குரைப்பு முதலில் கூடும், அதற்குப் பிறகுதான் இறங்கும். கூடுகிற அந்த நாளில்தான் எல்லாரும் மனம் இளகிக் கொடுத்துவிடுகிறோம். நாய், பலமாகக் குரைத்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்கிறது.

குட்டிக்குக் கழிப்பறைப் பழக்கம் என்பது பாதி கடிகாரம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். போய் முடித்த அந்த நொடியில் அங்கேயே ஒரு துண்டு கொடுங்கள். சொற்களில் வீடு முழுக்க ஒரே மாதிரி இருங்கள். எங்க வீட்டில் அப்பா "உக்காரு", அம்மா "உக்காந்துக்கோ", நான் "சிட்". செவலை மூவரின் கையையும் பார்த்துத்தான் புரிந்துகொண்டது. கை சைகை நாய்க்குச் சொல்லைவிடச் சுலபம்.

தீபாவளி. வெடிக்குப் பயந்து நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் பழகிவிடும் என்பார்கள். ஆகாது. பயம் என்பது அது செய்யும் செயல் இல்லை, அதற்கு நேர்வது. தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் ஓடும் உள்ளறை, சாத்திய ஜன்னல், வெளிச்சம் இருக்கும்போதே நடை. நம் அரசு வெடிக்க ஒதுக்கியிருப்பது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அப்பாவின் கேள்வி

"எங்க ஊர்ல எத்தன நாய் வளத்தோம், எவன் டிரெய்னிங் குடுத்தான்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி, ரொம்ப நாள் யோசித்தேன்.

அந்த நாய்களைக் கட்டிப்போடவில்லை. குழந்தை தொல்லை கொடுத்தால் எழுந்து வைக்கோல்போர் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏணியின் நடுப்படியிலேயே, அதாவது நகர்ந்து போவதிலேயே, பிரச்சினை தீர்ந்துவிடும். குட்டியிலிருந்தே ஆடு, மாடு, பிள்ளைகள், வண்டி, வந்துபோகும் ஜனம் எல்லாவற்றுக்கும் நடுவில் வளர்ந்தவை. நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை பார்த்துப் பழகியதெல்லாம் பிறகு சாதாரணமாகத் தெரியும் என்பது ஸ்காட், ஃபுல்லர் இருவரும் நாய்க்குட்டிகளைப் பல வருஷம் ஆராய்ந்து 1965-இல் எழுதியதில் முக்கியமான ஒன்று. செவலைக்கு அந்த வாரங்களில் கிடைத்தது ஒரு சாக்கும் மூன்று உடன்பிறப்புகளும். அதற்குப் பிறகு எங்க வீடு, பூட்டிய கேட், மூன்று பெரியவர்கள். குழந்தை என்ற ஒன்றை அது பார்த்ததே இல்லை. சமையலறை மூலையில் சுவரோரமாகத் தட்டை வைத்திருந்தோம். பையன் வந்து உட்கார்ந்தது வெளியேறும் வழியில். நகர்ந்து போக இடமே இல்லை.

இன்னொன்றையும் அப்பாவே சொன்னார், நான் கேட்காமல். அவர் சின்ன வயசில் ஊரில் ஒரு நாய் கடித்துவிட்டது என்று அடித்தே கொன்றார்களாம். அதையும் யாரும் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

காலாண்டு விடுமுறைக்கு அக்கா மகன் மறுபடி வந்தான். கையில் நாலு சின்ன வெள்ளைத் தழும்பு. தட்டுப் பக்கம் போகும் வேலையை அவனுக்கு நாங்கள் கொடுக்கவே இல்லை. அது அவன் வேலை இல்லை. என் கூட நின்று "உக்காரு" சொல்லி, கையைக் காட்டி, துண்டை எறிவது மட்டும்தான் அவன் விளையாட்டு. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக் கூடாது என்பதை அக்கா அவனுக்குப் பாட்டு மாதிரி ஒப்பிக்கப் பழக்கியிருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. செவலை திண்ணையில் ஒரு எலும்பை முன்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கிடந்தது. அப்பா பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பந்தை எடுக்க ஓடிவந்த பையன் பாதி வழியில் வரும்போது செவலை தலையைத் தாழ்த்தி, தொண்டைக்குள் மெதுவாக உறுமியது. அவன் சட்டென்று நின்றான்.

"தாத்தா, செவல வேணாங்குது" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கமாகப் பந்தை எடுத்தான்.

அப்பா பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். பக்கத்தில் இருந்த கிண்ணத்தில் கையை விட்டு ஒரு துண்டை எடுத்துப் போட்டார்.